கொரியக் கூடைப்பந்து லீகில் வெளிநாட்டு வீரர்களும் ஊழலும்: புதிதாகப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்கொரியாவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான கேபிஎல்லை இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே பின்தொடரலாம். ஆட்டம் பிடித்துப்போய், வீரர்களின் பெயர்களைத் தேட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே வேறு மாதிரியான செய்திகளும் கண்ணில் படும். சிறைக்குப் போன பயிற்சியாளர், செல்லாமல் போன ஒரு முழு சீசன், சம்பளம் கிடைக்காத அணி, உயரம் கூடிவிட்டது என்று வெளியேற்றப்பட்ட வீரர். எது விதி, எது முறைகேடு, எது வெறும் வதந்தி என்று புதிதாக வருபவருக்குப் பிடிபடாது. அதை வரிசையாகப் பிரித்துப் பார்க்க உதவுவதுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரியாவில் மட்டுமல்ல, எந்த நாட்டு லீகிலும் தோற்றால் ரசிகர்களின் கை முதலில் நீளுவது வெளிநாட்டு வீரரை நோக்கித்தான். ஒரு வருட ஒப்பந்தம், மொழி தெரியாது, நாளைக்கே ஊருக்கு அனுப்பிவிடலாம். குற்றம் சுமத்த வசதியான ஆள். ஆனால் கேபிஎல்லின் பெரிய வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பணத்தையும் காகிதத்தையும் களத்தில் யார் நிற்பது என்பதையும் முடிவு செய்தவர்கள் அணி நிர்வாகிகள், ஏஜென்டுகள், பயிற்சியாளர்கள். அதனால் எந்தச் செய்தியைப் படித்தாலும் ‘இதில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது?’ என்ற கேள்வியோடு தொடங்குங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

படி 1: அணியின் முதலாளி யார் என்று பாருங்கள்

கேபிஎல் 1996-ல் தொடங்கப்பட்டது. முதல் சீசன் 1997 பிப்ரவரியில் ஆரம்பித்தது. இன்று 10 அணிகள். அணியின் பெயரிலேயே முதலாளி இருப்பார்: சியோல் சாம்சங், சியோல் எஸ்கே, உல்சான் ஹூண்டாய் மோபிஸ், சாங்வோன் எல்ஜி, சுவோன் கேடி, பூசான் கேசிசி, வோன்ஜு டிபி இப்படி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்வருபவர்களுக்குப் பாதிப் பெயர்கள் பழகியவை.

இது ஏன் முக்கியம் என்றால், இந்த அணிகள் டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பி வாழ்பவை அல்ல. தாய் நிறுவனத்தின் விளம்பரச் செலவில் ஓடுபவை. பணம் இருக்கிற நிறுவனத்துக்கு ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்தால், சம்பளத்துக்கு லீக் போடும் வரம்பு இடைஞ்சலாகத் தெரியும். பணமே இல்லாத ஒருவர் அணியை வாங்கிவிட்டால் பிரச்சினை வேறு திசையிலிருந்து வரும். இரண்டும் நடந்திருக்கிறது.

படி 2: வெளிநாட்டு வீரர் விதியை அந்தந்த சீசனுக்குத் தனியாகப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. இந்த விதி நிலையாக இருந்ததே இல்லை. ஒரு சீசனின் விதியை வைத்து இன்னொரு சீசனின் செய்தியைப் படித்தால் எல்லாமே தப்பாகப் புரியும்.

தொடக்கத்தில் ஓர் அணிக்கு 2 வெளிநாட்டு வீரர்கள். அவர்களை டிராஃப்ட் முறையில், அதாவது அணிகள் வரிசைப்படி பெயர் சொல்லி எடுத்தார்கள். 2004-05 சீசனில் அதை விட்டுவிட்டு, அணிகளே வீரர்களோடு நேரடியாகப் பேசி ஒப்பந்தம் போடலாம் என்றார்கள். 2007-08-ல் மீண்டும் டிராஃப்ட். 2011-12-ல் ஒரே ஒரு வெளிநாட்டு வீரர், நேரடி ஒப்பந்தம். அடுத்த வருடமே மறுபடி டிராஃப்ட். 2015-16-ல் இரண்டு பேரில் ஒருவர் 193 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2018-19-ல் மீண்டும் நேரடி ஒப்பந்தம், கூடவே புது உயர வரம்பு: ஒருவர் 200 சென்டிமீட்டருக்குள், இன்னொருவர் 186-க்குள்.

அந்த 2018-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அன்யாங் கேஜிசி அணியின் டேவிட் சைமன் அப்போதுதான் சீசனிலேயே அதிகப் புள்ளி எடுத்தவராக முடித்திருந்தார். முந்தைய சீசனில் அந்த அணி கோப்பை வென்றதிலும் அவருக்குப் பெரிய பங்கு. சியோலில் உள்ள லீக் அலுவலகத்தில் சுவரோரம் நிற்கவைத்து அளந்தார்கள். 202.1 சென்டிமீட்டர். வரம்பைவிட 2.1 அதிகம். அவ்வளவுதான், கொரியாவில் அவர் ஆட்டம் அன்றோடு சரி. அதே அலுவலகத்துக்கு கேசிசி அணியின் சார்ல்ஸ் ரோட்ஸ் வந்தார். அளவு 199.2 என்று வந்ததும் மண்டியிட்டுக் கத்தி மகிழ்ந்தார். வேலை பிழைத்ததற்கான மகிழ்ச்சி அது. தொழிலில் முதலிடத்தில் இருக்கும் ஒருவரை எலும்பின் நீளத்துக்காக அனுப்பியது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அடுத்த சீசனில், அதாவது 2019-20-ல், உயர வரம்பை எடுத்துவிட்டார்கள்.

இதில் ஊழல் எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. இது முட்டாள்தனமான விதி, ஆனால் வெளிப்படையாகப் போட்ட விதி. புதியவர்கள் இந்த வித்தியாசத்தை விடக் கூடாது. பிடிக்காத விதியெல்லாம் முறைகேடு ஆகிவிடாது. ஆனால் விதி எந்த இடத்தில் இறுக்குகிறதோ அந்த இடத்தில்தான் குறுக்குவழி முளைக்கும். ஆகவே விதியைத் தெரிந்துகொண்டால் குறுக்குவழியை எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த இடம் ஏன் இவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2004-05 சீசனின் பிற்பகுதியில் அன்யாங் எஸ்பிஎஸ் அணிக்கு டான்டே ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் வந்தார். அதன்பிறகு அந்த அணி தொடர்ந்து 15 ஆட்டங்கள் ஜெயித்தது. கூடைப்பந்தில் களத்தில் நிற்பது 5 பேர்தான். அதில் ஒருவர் மாறினால் அணியே மாறிவிடும். கால்பந்தில் 11 பேருக்கு நடுவே ஒருவர் இந்த அளவுக்குச் செய்வது அபூர்வம்.

படி 3: எழுதிய சம்பளத்துக்குப் பின்னால் இன்னொரு தாள் இருக்கிறதா?

2019-20 சீசனில் 2 வெளிநாட்டு வீரர்களுக்கும் சேர்த்து உச்சவரம்பு 7 லட்சம் டாலர். ஒருவருக்கு மட்டும் 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. இதுபோன்ற வரம்பு எல்லா அணிகளையும் சமமாக வைக்கத்தான். ஆனால் ஒரு வீரரின் சந்தை விலை வரம்பைவிட அதிகம் என்றால், மிச்சத்தைக் கணக்கில் காட்டாமல் கொடுக்கும் ஆசை வருவது இயல்பு. 2004-க்குப் பிறகு நேரடி ஒப்பந்தம் இருந்த மூன்று சீசன்களில் இந்தப் பேச்சு அடங்கவே இல்லை. வெளிநாட்டு வீரர்களுக்குக் கணக்கில் வராத பணம் போகிறது என்ற புகார்தான் 2007-ல் டிராஃப்டுக்குத் திரும்பியதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. டிராஃப்டில் வீரருக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பேரம் பேச வழியில்லை. அதனால் ரகசியப் பணத்துக்கும் தேவை குறைவு.

ரகசிய ஒப்பந்தம் எப்படி வெளியே வருகிறது என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு உள்நாட்டு வீரரின் கதையைத்தான் பார்க்க வேண்டும். ஓரியன்ஸ் அணியின் நட்சத்திரம் கிம் சுங்-ஹ்யூன். லீகிடம் பதிவான ஒப்பந்தம் ஒன்று. அதற்குப் பின்னால் 5 வருடத்துக்கு 525 கோடி வோன் (கொரிய நாணயம்) என்று இன்னொன்று. காயத்தால் ஆட்டம் குறைந்தது, அணி சம்பளத்தை வெட்டப் பார்த்தது, 2009-ல் தகராறு லீகிடம் போனது. அப்போதுதான் அந்தப் பின்பக்கத் தாள் வெளிவந்தது. வீரரையும் அணியையும் லீக் தண்டித்தது. வராத பாக்கிக்காக அவர் வழக்குப் போட்டு, 2011-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது.

இதிலிருந்து புதியவர் எடுத்துக்கொள்ள வேண்டியது: இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை யாரும் துப்பறிந்து கண்டுபிடிப்பது அரிது. பங்காளிகளுக்குள் சண்டை வரும்போதுதான் வெளியே வரும். ஆகவே ‘சம்பளத் தகராறு’ என்று சின்னதாக ஒரு செய்தி வந்தால் அதைத் தள்ளிவிடாமல் படியுங்கள். வெளிநாட்டு வீரர் விஷயத்தில் இந்தச் சண்டையே பெரும்பாலும் நடக்காது. அவர் சீசன் முடிந்ததும் வேறு நாட்டுக்குப் போய்விடுவார். அணிக்கும் அது வசதி. சந்தேகம் பல வருடங்களாக இருந்தும் ஆதாரம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

படி 4: பிறப்புச் சான்றைக் கேளுங்கள்

வெளிநாட்டு வீரர் இடம் இரண்டுதான். ஆனால் ஒருவர் வெளிநாட்டவராகக் கணக்கில் வராமல் ஆட முடிந்தால்? இதற்கு நேர்மையான வழியும் இருக்கிறது. தாயோ தந்தையோ கொரியராக இருக்கும் வீரர்கள் பலர் அமெரிக்காவிலிருந்து வந்து கேபிஎல்லில் ஆடியிருக்கிறார்கள். மூன் டே-ஜோங், மூன் டே-யங் சகோதரர்கள் அப்படி வந்தவர்கள்தான். ரிகார்டோ ராட்லிஃப் வேறு மாதிரி. கொரிய ரத்தமே இல்லை, ஆனால் 2018 ஜனவரியில் சிறப்புக் குடியுரிமை பெற்று ரா குன்-ஆ ஆனார், கொரிய தேசிய அணிக்கு ஆடினார். அப்படியும் லீக் அவரை முழு உள்நாட்டு வீரராகக் கணக்கிடவில்லை. அவரை வைத்திருக்கும் அணி மற்ற வெளிநாட்டு வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகையை லீக் குறைத்தது. 2024-ல் வெளிநாட்டு வீரர் என்றே வகைப்படுத்திவிட்டது. நாட்டின் சட்டையைப் போட்டு ஆடியவருக்கு இது வலிக்காமல் இருக்குமா?

இந்தப் பின்னணியில்தான் செல்சி லீ விவகாரத்தைப் படிக்க வேண்டும். இது பெண்கள் லீகான டபிள்யூகேபிஎல்லில் நடந்தது. பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ கொரியர் என்று காட்டினால் அந்த வீராங்கனை வெளிநாட்டவர் கணக்கில் வரமாட்டார் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த செல்சி லீ, பாட்டி கொரியர் என்ற ஆவணங்களோடு 2015-ல் புச்சோன் ஹனா வங்கி அணிக்கு வந்தார். கூடைக்கு அருகில் வலுவாக நின்று, உள்ளே விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்கும் (ரீபவுண்டு) சென்டர். கணக்கைப் பாருங்கள்: மற்ற அணிகள் எல்லாம் களத்தில் ஒரு வெளிநாட்டு வீராங்கனையோடு ஆடும்போது இந்த அணி மட்டும் நடைமுறையில் இரண்டு பேரோடு ஆடியது. அந்த சீசனில் புதுமுக விருது உட்படப் பல விருதுகள் அவருக்கு. அணி இறுதிப் போட்டி வரை போய் வூரி வங்கி அணியிடம் தோற்றது.

சீசன் நடக்கும்போதே மற்ற அணிகளுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் தாள்கள் சரியாக இருக்கின்றன என்று விட்டுவிட்டார்கள். மாட்டியது எங்கே தெரியுமா? அவரை ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு கொரிய தேசிய அணியில் ஆடவைக்கலாம் என்று சிறப்புக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது. லீக் அலுவலகத்தில் செல்லுபடியான காகிதம் நீதித்துறை அமைச்சகத்தின் மேசையில் செல்லவில்லை. விஷயம் அரசு வழக்கறிஞர்களிடம் போனது. பிறப்புச் சான்று உள்ளிட்ட ஆவணங்கள் போலி என்று 2016 ஜூனில் அவர்கள் அறிவித்தார்கள். ஜூலையில் லீக் அவரை நிரந்தரமாக நீக்கியது, அவருடைய புள்ளிவிவரங்களையும் விருதுகளையும் அழித்தது, ஹனா வங்கி அணியின் இரண்டாம் இடத்தையும் ரத்து செய்தது. அணியின் தலைவரும் பயிற்சியாளரும் பதவி விலகினார்கள். ஏஜென்டுகளுக்குத் தடை. அந்த வம்சாவளி விதியே எடுக்கப்பட்டது.

விதியை எடுத்ததில் நஷ்டம் யாருக்கு? உண்மையிலேயே கொரியப் பாட்டி இருந்த, அதுவரை வந்தே இராத வீராங்கனைகளுக்கு. முறைகேட்டின் செலவை அதில் சம்பந்தமே இல்லாதவர்கள் கட்டுவது இப்படித்தான்.

நீங்கள் ஒரு வம்சாவளி வீரரைப் பற்றிப் படிக்கும்போது கேட்க வேண்டியவை மூன்று: ஆவணத்தைக் கொண்டுவந்தது யார்? அதை வழங்கிய அலுவலகத்திடமே கேட்டு யாராவது சரிபார்த்தார்களா? அந்த வகைப்பாட்டால் லாபம் யாருக்கு? செல்சி லீ விஷயத்தில் ஆவணத்தைக் கொண்டுவந்தது ஏஜென்ட் தரப்பு, லாபம் அணிக்கு.

படி 5: யார் ஆடுகிறார் என்பதைவிட யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்

இப்போது ஆட்டத்தை விற்கும் விஷயத்துக்கு வருவோம். கொரியாவில் இது வரிசையாக வெடித்தது: 2011-ல் கால்பந்து, 2012-ல் கைப்பந்தும் பேஸ்பாலும், 2013-ல் கூடைப்பந்து.

காங் டொங்-ஹீ சாதாரண ஆள் அல்ல. கொரியக் கூடைப்பந்தின் பழைய நட்சத்திரங்களான ஹர் ஜே, கிம் யூ-தேக் ஆகியோரோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லப்படும் மூவரில் ஒருவர். கேபிஎல்லின் முதல் சீசனில் எம்விபி, அதாவது சிறந்த வீரர் விருது வாங்கியவர். வோன்ஜு டொங்பு அணியின் பயிற்சியாளராக 2011-12 சீசனில் 44 வெற்றி, 10 தோல்வி என்று ஓட்டியவர். அவர் 2013 மார்ச்சில் கைதானார். குற்றச்சாட்டு அதற்கு இரண்டு வருடம் முந்தைய ஆட்டங்கள் பற்றியது: 2011 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 4 ஆட்டங்கள். தரகர்களிடம் வாங்கியது மொத்தம் 4 கோடியே 70 லட்சம் வோன். 2013 ஆகஸ்டில் நீதிமன்றம் 10 மாதச் சிறை விதித்தது, வாங்கிய பணத்தையும் கட்டச் சொன்னது. லீக் அவரை நிரந்தரமாக நீக்கியது. 2021-ல் மீண்டும் சேர்க்கக் கோரிக்கை வந்தபோதும் லீக் மறுத்துவிட்டது.

அவர் செய்ததாக வழக்கில் சொல்லப்பட்ட முறை மிக எளிது. முக்கிய வீரர்களை உட்காரவைத்து மாற்று வீரர்களை இறக்குவது. எந்த வீரரிடமும் ‘தோற்றுப்போ’ என்று சொல்ல வேண்டியதில்லை. களத்தில் நிற்கும் ஐந்து பேரும் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள், அப்படியும் பின்தங்குவார்கள். கூடைப்பந்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்பதால் இதைச் செய்ய வெளியே நிற்கும் ஒருவரால் முடியும். பந்தயம் கட்டுபவர்களுக்கு முழு ஆட்டமும் தேவைப்படுவதும் இல்லை. முதல் குவார்ட்டரில் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் முதலாவது) யார் முன்னிலை, எத்தனை புள்ளி வித்தியாசம் என்றெல்லாம் சட்டவிரோதத் தளங்கள் பந்தயம் வாங்கும். முதல் குவார்ட்டரைக் கொடுத்துவிட்டு மீதி மூன்றில் பிடித்துக்கொண்டால் அட்டவணையில் வெற்றி என்றே பதிவாகும். ஒரு வருடம் முன்பு பேஸ்பாலில் சிக்கியவர்களும் முதல் இன்னிங்ஸில் வேண்டுமென்றே வாக் கொடுத்தவர்கள்தான், அதாவது பந்தைத் தள்ளி வீசி எதிரணி வீரரை அடிக்காமலே முன்னேற விட்டவர்கள்.

இந்த 4 ஆட்டங்களும் சீசனின் கடைசிப் பகுதியில் வந்தவை என்பதைக் கவனித்தீர்களா? கேபிஎல்லில் ஓர் அணிக்கு 54 ஆட்டங்கள். முதல் 6 இடங்களுக்கு பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று. பிப்ரவரி கடைசியிலிருந்து பல அணிகளின் இடம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். அப்போது முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பது எல்லாப் பயிற்சியாளர்களும் செய்வது. நேர்மையான ஓய்வுக்கும் விற்ற ஆட்டத்துக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். திரையில் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வங்கிக் கணக்கும் தொலைபேசிப் பதிவும்தான் சொல்லும்.

அப்படியானால் ரசிகர் என்ன செய்யலாம்? ஆட்ட முடிவில் வெளியாகும் புள்ளிவிவரத் தாளில் நிமிடங்கள் என்ற பகுதியைப் பாருங்கள். வெளிநாட்டு வீரர் வழக்கமாக எத்தனை நிமிடம் ஆடுவார், இன்று எத்தனை? குறைந்திருந்தால் ஃபவுல் பிரச்சினையா, காயமா? ஆட்டத்துக்குப் பின் பயிற்சியாளர் சொன்ன காரணம் அடுத்த ஆட்டத்தோடு பொருந்துகிறதா? ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ஒரு மாதத்தைப் பாருங்கள். அப்புறம் முக்கியமாக: அவர் அன்றைக்கு 4 புள்ளிதான் எடுத்தார் என்பதற்காக அவரைச் சந்தேகிக்கும் முன், அவரை எத்தனை நிமிடம் களத்தில் விட்டார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அடுத்த டிராஃப்டில் நல்ல இளம் வீரரைப் பிடிக்க வேண்டும் என்று வேண்டுமென்றே கீழே போவது (கீழே முடித்தால் முதலில் எடுக்கும் வாய்ப்பு கூடும்). 2013-ல், கியுங் ஹீ பல்கலைக்கழகத்தின் மூன்று நல்ல வீரர்கள் டிராஃப்டுக்கு வரவிருந்தபோது இந்தச் சந்தேகம் பலமாக எழுந்தது. இது அசிங்கம், ரசிகனுக்குச் செய்யும் துரோகம். ஆனால் தரகரிடம் பணம் வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல. சட்டம் இரண்டையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

படி 6: பந்தயச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொரியாவில் விளையாட்டுப் பந்தயம் முழுக்கத் தடை இல்லை. ஸ்போர்ட்ஸ் டோட்டோ என்ற அரசு அனுமதி பெற்ற ஒன்று உண்டு. அதற்கு வெளியே இணையத்தில் நடப்பவை எல்லாம் சட்டவிரோதம். வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் அந்தச் சட்டபூர்வமான சீட்டைக்கூட வாங்கக் கூடாது. 2015-ல் முன்னாள் எம்விபி ஒருவர் உட்படப் பல வீரர்கள் சட்டவிரோதத் தளங்களில் பந்தயம் கட்டியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதில் சிலர் கட்டியது கல்லூரி நாட்களில். பந்தயம் கட்டியதும் ஆட்டத்தை விற்றதும் வேறு வேறு குற்றங்கள். செய்தித் தலைப்புகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும், நீங்கள் பிரித்துப் படியுங்கள்.

படி 7: சம்பளம் வருகிறதா?

2022-ல் ஓரியன்ஸ் அணியை டே ஒன் என்ற நிறுவனம் வாங்கியது. பழைய நட்சத்திரம் ஹர் ஜே நிர்வாகத்துக்கு முகமாக இருந்தார். கேரட் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை அணிக்குச் சூட்டி கோயாங் கேரட் ஜம்பர்ஸ் ஆக்கினார்கள். சீசன் தொடங்கும் முன்பே லீகில் சேரும் கட்டணமான 150 கோடி வோனின் முதல் தவணை தாமதம். மீதியை பிளேஆஃபுக்கு முன் கடைசி நேரத்தில் கட்டினார்கள். இடையில் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் நின்றது. அந்த அணி அப்படியும் காலிறுதியில் ஹூண்டாய் மோபிஸை வென்று அரையிறுதி வரை போனது. அந்தப் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2023 ஜூனில் லீக் அந்த நிறுவனத்தை வெளியேற்றியது. வீரர்களைக் கொண்டு சோனோ என்ற புது அணி உருவானது.

சம்பளம் தராதது மட்டுமே ஊழல் ஆகாது. ஆனால் ஆட்டத்தை விலைக்கு வாங்க நினைக்கும் தரகர் முதலில் தேடுவது மூன்று மாதம் சம்பளம் பார்க்காத வீரரைத்தான். உலகம் முழுக்க அனுபவம் அப்படி. கோயாங் வீரர்கள் மேல் அப்படிப்பட்ட கறை எதுவும் விழவில்லை என்பது அவர்களுடைய நேர்மை. அவர்களை அந்த நிலையில் நிறுத்தியது நிர்வாகத்தின் தவறு.

வெளிநாட்டு வீரருக்கு இந்த இடத்தில் ஒரு பிடி இருக்க வாய்ப்பு உண்டு. ஒப்பந்தத்தில் அதற்கான வாசகம் இருந்தால், உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2007-ல் ஜெனீவாவில் ஏற்படுத்திய நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அதன் தீர்ப்பை அணி மதிக்காவிட்டால் புதிய வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்யத் தடை வரும். ஆகவே ஏதாவது ஒரு லீகில் ஓர் அணிக்குத் திடீரென்று ‘வீரர் பதிவுத் தடை’ என்று படித்தால், அதற்குப் பின்னால் யாருக்கோ வர வேண்டிய பாக்கி இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 8: செய்தி வெடித்தால் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள்

யோன்ஹாப் என்ற கொரியச் செய்தி நிறுவனத்தின் ஆங்கிலச் செய்திகளில் பெரிய விவகாரங்கள் வந்துவிடும். மற்றவற்றுக்கு நேவர் என்ற கொரிய இணையதளத்தில் வரும் கொரியச் செய்திகளை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத்தான் படிக்க வேண்டும். பெயர்களைக் கருவி கண்டபடி மாற்றும். அணியின் பெயரையும் தேதியையும் வைத்துச் சரிபாருங்கள். ஒரு தாளில் இந்த வரிசையை எழுதி வைத்துக்கொண்டால் போதும்: போலீஸ் விசாரணை, அரசு வழக்கறிஞரின் முடிவு, முதல் தீர்ப்பு, மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம், லீகின் தனி நடவடிக்கை. இவை ஆறும் வேறு வேறு. ஒன்றில் பெயர் வந்ததால் அடுத்ததிலும் வரும் என்று இல்லை.

பயிற்சியாளர் ஜியோன் சாங்-ஜின் கதையை இந்த வரிசையில் போட்டுப் பாருங்கள். 2015 மே மாதம், ஆட்டத்தை விற்றதாக அவர் மேல் போலீஸ் விசாரணை என்று செய்தி வந்தது. அப்போதுதான் அவர் அன்யாங் அணியின் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தார். ஓர் ஆட்டத்துக்குக்கூட அணியை வழிநடத்தாமல் விலகினார். 2016-ல் அரசு வழக்கறிஞர்கள் போதிய ஆதாரம் இல்லை என்று அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். சூதாட்டம் என்ற தனிச் சிறு வழக்கு மட்டும் நடந்தது. முதல் நீதிமன்றத்தில் விடுதலை, மேல்முறையீட்டில் அபராதம், உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியபின் மறுபடி விடுதலை. 2019-ல் கேசிசி அணி அவரைப் பயிற்சியாளராக எடுத்தது. 2024 மே மாதம், வழக்கமான சீசனில் 5-வது இடத்தில் முடித்திருந்த அதே அணியை வைத்து அவர் கோப்பை வென்றார்.

2015-ல் வந்த செய்திகள் இணையத்தில் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவருடைய பெயரைத் தேடினால் அவைதான் முதலில் வரலாம். ஒவ்வொரு செய்திக்கும் மேலே இருக்கும் தேதியைப் பார்த்து, அது மேலே சொன்ன ஆறில் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்று குறித்துவிட்டு, அப்புறம் படியுங்கள். வெளிநாட்டு வீரர்கள் பற்றிய செய்திகளுக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் நாட்டை விட்டுப் போனதும் கொரியப் பத்திரிகைகள் தொடர்ந்து எழுதுவதில்லை. முதல் கட்டச் செய்தி மட்டும் நின்றுவிடும், முடிவு என்ன ஆனது என்பதை நீங்கள்தான் அவருடைய அடுத்த லீகில் போய்த் தேட வேண்டியிருக்கும்.